நிலக்கரிக் கப்பல் எண்ணூருக்கு வருகிறது: துறைமுக ஆய்வுக்குப் பத்து நாளில் எப்படித் தயார்படுத்துவது?

புதுக்கரை | முதல் நாள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் அதிகாரியாகக் கடலில் பணியாற்றிய நான், கடந்த ஆண்டு சென்னையில் ஒரு கப்பல் மேலாண்மை அலுவலகத்தில் தொழில்நுட்பக் கண்காணிப்பாளரின் உதவியாளராகச் சேர்ந்தேன். என் பொறுப்பில் உள்ள 56,000 டன் கொள்ளளவுள்ள மொத்தச் சரக்குக் கப்பல் கலிமந்தானில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு இன்னும் பத்து நாள்களில் வருகிறது. வெளிநாட்டுக் கொடி, 16 வயது, 22 பணியாளர்கள். முந்தைய துறைமுக ஆய்வில் 11 குறைபாடுகள் பதிவாயின. அவற்றில் மூன்று புறப்படும் முன் சரிசெய்ய வேண்டிய '17' வகையைச் சேர்ந்தவை. ஆகவே எண்ணூரில் எம்.எம்.டி. (வெளிநாட்டுக் கப்பல்களை ஆய்வு செய்யும் இந்திய அரசின் வணிகக் கடல்துறை) அளவையர் ஏறுவார் என்றே எண்ணித் தயாராக வேண்டியுள்ளது.

முந்தாநாள் 140 கேள்விகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலைக் கப்பலுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையே எல்லாக் கட்டங்களிலும் 'சரி' என்ற குறியோடு அது திரும்பி வந்துவிட்டது. 140 இனங்களை, கப்பலை ஓட்டிக்கொண்டே, ஒரே நாளில் யாரும் பார்த்திருக்க முடியாது என்பது கடலில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். நானும் அப்படிக் குறியிட்டு அனுப்பியவன்தான் என்பதால் கப்பலில் உள்ளவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மீதியுள்ள நாள்களில் எதை, எந்த வரிசையில் கேட்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முன்னாள் அளவையர் | முதல் நாள், இரவு 11.15

தம்பி, கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. 'அவசரத் தீயணைப்புப் பம்பு சரியாக இருக்கிறதா?' என்று கேட்டால் 'சரி' என்றுதான் பதில் வரும். இரண்டு குழாய்களைத் திறந்து வைத்தபோது முன்தளத்து ஹைட்ரன்டில் (தீயணைப்புக் குழாயை மாட்டும் வாயில்) எத்தனை பார் அழுத்தம் நின்றது என்று கேளுங்கள். அதற்குப் பதில் எழுத ஒருவர் அங்கே போய் நின்றே ஆக வேண்டும். 140 கேள்விகளை விட்டுவிட்டு, விடை எண்ணாக மட்டுமே வரக்கூடிய 20 கேள்விகளை அனுப்புங்கள். மின்சாரம் முழுவதும் நின்றபின் அவசர ஜெனரேட்டர் எத்தனை நொடியில் சுமையை ஏற்றது? விதி 45 நொடி தருகிறது. சுக்கானை ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்குத் திருப்ப எத்தனை நொடி ஆயிற்று? அது 28 நொடிக்குள் முடிய வேண்டும். உயிர்ப்படகின் இறக்குக் கம்பிகள் மாற்றப்பட்ட தேதி என்ன? ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாள் போனாலும் அது குறைபாடு.

குறியிட்ட பட்டியலை நான் நம்பாததற்குக் காரணம் உண்டு. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ரக்கே துறைமுகத்திலிருந்து ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்ப்ரைஸ் என்ற பயணிக் கப்பல் முகப்புக் கதவுகள் திறந்த நிலையிலேயே புறப்பட்டுக் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவு மூடப்பட்டது என்று கேப்டனிடம் யாரும் சொல்லவில்லை. மூடப்படவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. மறுப்பு வராததால் எல்லாம் சரி என்று கொள்வதே அந்தக் கப்பலில் வழக்கமாக இருந்தது. இன்று நாம் பின்பற்றும், கப்பல்களின் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐ.எஸ்.எம். விதித்தொகுப்பு அந்த விபத்தின் பின்விளைவாகப் பிறந்து, 1998 ஜூலை 1 முதல் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கும் பயணிக் கப்பல்களுக்கும் கட்டாயமானது. அந்த விதித்தொகுப்பின் பெயரால் நாம் மறுபடியும் வெறும் குறிகளைச் சேகரித்துக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆய்வாளர் எப்படிப் பார்க்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேங்வேயில் (கப்பலில் ஏறும் படியில்) கால் வைக்கும் முன்பே அவர் கப்பலின் பக்கவாட்டைப் பார்த்துவிடுவார்: மிதவைக் குறிகள் (கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கியுள்ளது என்று காட்டுபவை) தெளிவாக உள்ளனவா, கேங்வேக்கு அடியில் வலை கட்டப்பட்டுள்ளதா, மேலே நிற்பவர் அடையாள அட்டையைக் கேட்கிறாரா. கேப்டனின் அறைக்குப் போகும் வழியில் தீக்கதவு ஒன்று கயிற்றால் கட்டித் திறந்து வைக்கப்பட்டிருந்தால் மனத்தில் குறித்துக்கொள்வார். சான்றிதழ்கள் செல்லுபடியாகி, நடந்து வந்த வழியும் ஒழுங்காக இருந்தால் ஆய்வு பெரும்பாலும் முதல் கட்டத்தோடு நின்றுவிடும். 'தெளிவான காரணம்' ஒன்று அவர் கண்ணில் பட்டால்தான் விரிவான ஆய்வு தொடங்கும். பத்து நாளில் நீங்கள் செய்ய வேண்டியது அந்தக் காரணம் எழாத அளவுக்குக் கப்பலின் உண்மை நிலையை அறிவது; அறிந்தபின் சரிசெய்வது.

எந்திர அறை | இரண்டாம் நாள், காலை 6.05

இப்போது ஒரு கப்பலில் தலைமைப் பொறியாளராக இருக்கிறேன், ஊர் தண்டையார்பேட்டை. ஐயா சொன்ன 20 கேள்விகளோடு எந்திர அறைக்கு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எண்ணெய்ப் பதிவேட்டின் கணக்கு. எண்ணெய் நீர்ப் பிரிப்பானின் திறன் மணிக்கு 1 கனமீட்டர் என்று சான்றிதழில் இருக்க, இரண்டு மணி நேரத்தில் 3 கனமீட்டர் வெளியேற்றியதாகப் பதிவேட்டில் எழுதியிருந்தால், யாரோ எந்திரத்தை ஓட்டாமலே எழுதியிருக்கிறார்கள் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ஸ்லட்ஜ் (கழிவெண்ணெய்) தொட்டிகளின் பெயரும் கொள்ளளவும் எண்ணெய் மாசுத் தடுப்புச் சான்றிதழின் இணைப்பில் உள்ளபடியே பதிவேட்டிலும் இருக்க வேண்டும். வாராந்திர இருப்பை எழுதிய நாளில் தொட்டியை அளந்த புத்தகத்திலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வாளர் ஏறிய அன்று ஒரு தொட்டியை அளக்கச் சொன்னால், முந்தைய வாரத்து எண்ணிலிருந்து அந்த அளவுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று மூன்றாம் பொறியாளரால் விளக்க முடிய வேண்டும்.

இரண்டாவது, காற்றுவழித் தடுப்புத் தட்டுகள். தீ மூண்டால் எந்திர அறைக்குக் காற்றை நிறுத்துவது அவைதாம். கரியமில வாயுவைத் திறந்துவிட்டாலும் தட்டு ஓட்டையாக இருந்தால் வாயு வெளியேறிப் பயனற்றுப் போகும். பகலில் காற்றுக்குழாய்க்குள் ஒருவரை நிற்க வைத்து, வெளியே தட்டை மூடி, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்பதே சிறந்த சோதனை. வெளியிலிருந்து பார்த்தால் புதுப் பெயின்ட் மட்டும் தெரியும். உள்ளிருந்து பார்த்தால் துரு தின்ற துளைகள் நட்சத்திரம்போல் தெரியும். இந்தக் காட்சியை நான் இரண்டு கப்பல்களில் கண்டிருக்கிறேன்.

கரைக்கண்காணிப்பு | இரண்டாம் நாள், காலை 10.30

கண்காணிப்பாளராக நீண்ட காலம் பணியாற்றுபவன் என்ற முறையில் சிறிது மாறுபடுகிறேன். கொள்கையளவில் எல்லாம் சரி. ஆனால் பத்து நாளில், அதுவும் கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில், 22 பேரை வைத்து எல்லாவற்றையும் சோதித்தால் அவர்கள் களைத்துப்போய் எண்ணூரில் வந்து நிற்பார்கள். ஆய்வாளர் வந்து கேள்வி கேட்கும்போது தூங்கி விழுவார்கள். முந்தைய ஆய்வில் எழுதிய 11 குறைபாடுகளும் மறுபடி தலைகாட்டாமல் இருக்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஒரே குறை இரண்டாவது முறை வந்தால்தான் நிறுவனத்தின் மேல் கேள்வி எழும். அதன்பின் உயிர்காப்பு, தீயணைப்பு, மாசுத்தடுப்பு என்ற மூன்றையும் பாருங்கள். மற்றவை காத்திருக்கலாம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நடக்கும் சிறப்பு ஆய்வு இயக்கத்தையும் நினைவில் வையுங்கள். துறைமுக ஆய்வுக்கான பாரிஸ், டோக்கியோ உடன்படிக்கை நாடுகள் 2023இல் தீப் பாதுகாப்பையும், 2024இல் ஊதியத்தையும் பணி ஒப்பந்தத்தையும், 2025இல் நிலைப்படுத்து நீர் (கப்பல் நிலையாக மிதக்கத் தொட்டிகளில் ஏற்றும் நீர்) மேலாண்மையையும் எடுத்துக்கொண்டன. கப்பல் அடுத்து எந்தப் பகுதிக்குப் போனாலும் அந்த வினாத்தாள்கள் பயன்படும்.

புதுக்கரை | இரண்டாம் நாள், இரவு 8.20

மூவர் சொன்னதையும் ஏற்று, 11 பழைய குறைகளையும் எண்ணால் விடையளிக்க வேண்டிய 22 கேள்விகளையும் மட்டும் அனுப்பினேன். ஒரே நாளில் பதில் வேண்டாம், நான்கு நாள்களில் போதும், ஓய்வு நேரத்தைத் தொட வேண்டாம் என்று கேப்டனுக்குத் தனியாக எழுதினேன். அவர் தொலைபேசியில் அழைத்து, 'முதல் முறையாக அலுவலகத்திலிருந்து செய்து முடிக்கக்கூடிய ஒரு கடிதம் வந்திருக்கிறது' என்றார்.

எர்ணாவூர் மாணவர் | மூன்றாம் நாள், மாலை 5.10

பெரியவர்களின் பேச்சில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பயிற்சிக் காலத்தை முடித்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பம் மீன்பிடிக் குடும்பம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கரையில் தார்போல் ஒட்டிய எண்ணெயை எங்கள் பகுதி ஆண்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். பல வாரங்கள் மீன் விற்கவில்லை. கப்பலில் சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தக் கரையில்தான்.

என் கேள்வி ஓய்வு நேரப் பதிவேட்டைப் பற்றியது. நான் பயிற்சி பெற்ற கப்பலில் மாதத் தொடக்கத்திலேயே முழு மாதத் தாளிலும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நங்கூரம் தூக்கி, கரையணைத்து, அறைக்குத் திரும்பும்போது 16 மணி நேரம் ஆகியிருக்கும். தாளில் 8 மணி நேர வேலை என்றே இருக்கும். இதை ஆய்வாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்தால் கையெழுத்திட்ட என்மேலும் தவறு வருமா?

முன்னாள் அளவையர் | மூன்றாம் நாள், இரவு 9.00

நல்ல கேள்வி, தம்பி. குறுக்கீடு என்று எண்ண வேண்டாம்.

விதி எளிமையானது: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, எந்த 7 நாளிலும் குறைந்தது 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது. அவற்றில் ஒன்று 6 மணி நேரமாவது நீள வேண்டும். இரண்டு ஓய்வுகளுக்கு இடையே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

நான் ஆய்வு செய்த காலத்தில் ஓய்வுத் தாளைத் தனியாகப் பார்த்ததே இல்லை. கரையணைந்த நேரத்தைத் தளப் பதிவேட்டில் எடுப்பேன். எரிபொருள் ஏற்றிய நேரத்தை எண்ணெய்ப் பதிவேட்டில் எடுப்பேன். மிதவை அளவு எடுத்த அறிக்கையில் தலைமை அதிகாரியின் கையெழுத்தும் நேரமும் இருக்கும். அதிகாலை 3 மணிக்கு அவர் கையெழுத்திட்டிருக்க, ஓய்வுத் தாளில் அந்நேரம் அவர் உறங்கிக்கொண்டிருந்தால், அந்த ஒரு முரண்பாடு போதும். முப்பது நாளும் ஒரு கோடு பிசகாமல் நிரப்பிய தாளைப் பார்த்தால் எனக்கு உடனே ஐயம் எழும், ஏனென்றால் கடலில் எந்த மாதமும் அப்படிப் போவதில்லை.

கையெழுத்தைப் பொறுத்தவரை, முன்கூட்டி வாங்கிய கப்பலின்மேல்தான் முதல் பொறுப்பு. நீங்கள் அதிகாரியானபின் உங்கள் கீழுள்ள பயிற்சி மாணவரிடம் அப்படி வாங்காதீர்கள்.

கரைக்கண்காணிப்பு | மூன்றாம் நாள், இரவு 10.25

உண்மையை அப்படியே எழுதினால் ஒவ்வொரு துறைமுகத்திலும் மீறல் பதிவாகும். அதையும் ஆய்வாளர் குறைபாடாகத்தானே எழுதுவார்? இரண்டு பக்கமும் அடி விழும்போது கேப்டன் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

முன்னாள் அளவையர் | நான்காம் நாள், காலை 7.30

உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ளவை அல்ல. கப்பலின் உடனடிப் பாதுகாப்புக்காக ஓய்வு அட்டவணையை நிறுத்திவைக்கும் உரிமை கேப்டனுக்கு விதியிலேயே உண்டு. நிலைமை சீரானபின் ஈட்டு ஓய்வு தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. மீறல் நடந்தது, காரணம் இது, மறுநாள் இத்தனை மணி நேரம் ஈடாகக் கொடுத்தோம் என்று எழுதியிருக்கும் கப்பலில் நான் அறிவுரை கூறிவிட்டு நகர்ந்திருக்கிறேன். பொய்த்தாளைக் கண்ட கப்பலில் மற்றப் பதிவேடுகள் எதையும் நம்ப முடியாமல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு துறைமுகத்திலும் மீறல் வருகிறதென்றால் ஆள் போதவில்லை என்று அந்தத் தாள் சொல்கிறது. அதைக் கேட்க வேண்டியவர்கள் கரையில் இருக்கும் நாம்தான்.

தம்புச்செட்டி முகவர் | நான்காம் நாள், நண்பகல் 12.50

கப்பல் முகவர் பணியில் இருக்கிறேன். பணியாளர் நலன் பற்றிய பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுபட்டுப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் தரைதட்டி நின்றதைச் சென்னையில் அநேகமாக எல்லாரும் பார்த்திருப்பார்கள். அடுத்த நாள்களில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. உயிர்ப்படகில் இறங்கிய மாலுமிகள் அது கவிழ்ந்து கடலில் தத்தளித்து, அவர்களில் சிலர் இறந்தார்கள் என்பதைக் கூட்டத்தில் பலர் மறந்துவிட்டார்கள். ஊதியப் பாக்கியும் உணவு, எரிபொருள் பற்றாக்குறையும் அக்கப்பலில் இருந்ததாக அப்போதைய செய்திகளில் விரிவாக வந்தது.

அதன்பின் 2013 ஆகஸ்ட் 20 அன்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. 2015இல் இந்தியா அதை ஏற்றது. இரண்டு மாத ஊதியம் நிலுவையில் இருந்தாலே பணியாளர்கள் கைவிடப்பட்டவர்களாகக் கருதப்படலாம் என்பது இன்றைய விதி. ஆகவே ஊதியச் சீட்டுகள், பணி ஒப்பந்தங்கள், குளிர்பதன அறையின் வெப்பநிலை, மருந்துப் பெட்டியின் காலாவதித் தேதிகள் ஆகியவற்றையும் உங்கள் 22 கேள்விகளில் சேருங்கள். மருத்துவ அறையில் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கி வைக்கும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. அதை வருவதற்கு முன்பே காலி செய்யச் சொல்லுங்கள்.

உதிரிப் பாகம் ஏதாவது அனுப்ப வேண்டியிருந்தால் இன்றே சொல்லுங்கள். சுங்க ஆவணங்களுக்கு ஒரு நாள் ஆகும். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் பாரிமுனையிலிருந்து துறைமுக வாயிலுக்குப் போய்ச் சேர அரை நாளும் ஆகலாம்.

புதுக்கரை | ஐந்தாம் நாள், காலை 9.15

எண்கள் வந்துவிட்டன. இருபது நல்ல விடைகள். இரண்டு கவலை தருபவை.

அவசரத் தீயணைப்புப் பம்பு கப்பலின் முன்பகுதியில் உள்ளது. ஒரு குழாயைத் திறந்தபோது 3.4 பார். இரண்டாவது குழாயையும் திறந்ததும் 1.9 பாராக இறங்கிவிட்டது. 6,000 மொத்த டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பலுக்கு விதிப்படி 2.7 பார் வேண்டும். மாதந்தோறும் இந்தப் பம்பு 'சோதிக்கப்பட்டது, சரி' என்று பதிவாகியிருக்கிறது. ஒரு குழாயோடு மட்டும் சோதித்திருக்கிறார்கள்.

அவசர ஜெனரேட்டர் மின்கலத்தால் 31 நொடியில் சுமையை ஏற்கிறது. ஆனால் இரண்டாவது வழியான ஹைட்ராலிக் தொடக்கியால் அதை இயக்கத் தற்போதுள்ள பொறியாளர்களில் எவருக்கும் தெரியவில்லை. செயல்முறைப் பலகையின்மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

கப்பல் வர இன்னும் ஐந்து நாள்.

எந்திர அறை | ஐந்தாம் நாள், காலை 11.40

பம்பை உடனே பிரிக்கச் சொல்லாதீர்கள். கப்பல் இப்போது முழுச் சுமையில், ஆழமாக மிதக்கிறது. ஆகவே உறிஞ்சும் பக்கத்தில் நீர் தானாகவே வந்து நிற்கும். இந்த நிலையிலேயே அழுத்தம் விழுகிறதென்றால் உறிஞ்சுவதில் சிக்கல் இருக்க வாய்ப்புக் குறைவு. பம்பு தள்ளிய தண்ணீர் வேறு எங்கோ போகிறது, அல்லது பம்பின் உள்வளையம் தேய்ந்து தண்ணீர் அதற்குள்ளேயே சுற்றுகிறது.

முதலில் நங்கூரச் சங்கிலியைக் கழுவும் வால்வு இறுக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, எந்திர அறைக்குள் செல்லும் தீயணைப்புக் குழாயைத் துண்டிக்கும் வால்வை மூடிவிட்டு, எந்திர அறையில் ஒரு ஹைட்ரன்டைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே தண்ணீர் வந்தால் அந்த வால்வு கசிகிறது. எந்திர அறை எரியும்போது அதைத் துண்டித்துவிட்டு முன்தளத்திலிருந்து தண்ணீர் கொடுப்பதற்காகத்தானே இந்தப் பம்பையே வைத்திருக்கிறார்கள். வால்வு கசிந்தால் பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

வால்வு சரியாக இருந்தால் மட்டும் பம்பைத் திறந்து உள்வளையத்தின் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். வெண்கல வளையத்தை அளவு கொடுத்தால் ராயபுரத்தில் கடைசல் பட்டறைகளில் ஒரே நாளில் கடைந்து தருவார்கள்.

கரைக்கண்காணிப்பு | ஐந்தாம் நாள், நண்பகல் 1.20

பழுதைக் கண்டுபிடித்தது நல்லது. கரையணைந்த அன்றே பாகத்தை ஏற்றிச் சரிசெய்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன் யாருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டாம். ஆய்வாளர் முதல் நாளே வருவார் என்பது உறுதியில்லை. நாமே எழுதிக் கொடுத்தால் வாவென்று அழைத்ததாகிவிடும். தடுத்து வைக்கப்பட்டால் கப்பலின் பெயர் இந்தியப் பெருங்கடல் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறும், வாடகைக்கு எடுப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள், ஒவ்வொரு நாள் தாமதமும் உரிமையாளரின் கணக்கில் விழும்.

முன்னாள் அளவையர் | ஐந்தாம் நாள், மாலை 4.05

இந்த இடத்தில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் முதல் அத்தியாயத்தின் 11ஆவது விதி, கப்பலின் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை தெரிந்தால் கொடி நாட்டுக்கோ (கப்பல் பதிவான நாடு) அதன் சார்பில் கப்பலைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கத்துக்கோ (கிளாஸ்) முதல் வாய்ப்பிலேயே தெரிவிக்க வேண்டும் என்கிறது. கப்பல் வேற்று நாட்டுத் துறைமுகத்தில் இருந்தால் அந்த நாட்டு அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டும். ஆய்வாளர் வருவாரா மாட்டாரா என்பதைப் பொறுத்த கடமை இல்லை இது.

அறிவித்தால் ஆய்வாளர் வரக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படி வருபவர் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். கேப்டனின் அறிக்கை, கிளாஸ் விதித்த நிபந்தனை, கொடி நாட்டின் பதில், பாகம் வரும் தேதி, அதுவரை கையடக்க பம்பு போன்ற மாற்று ஏற்பாடு என எல்லாமே அவர் முன் இருக்கும். அவர் அதைச் சரிபார்ப்பார், '17' எழுதுவார், சரிசெய்தபின் கையெழுத்திடுவார். மறைத்து வைத்த பழுதை அவரே கண்டுபிடித்தால், பம்பு கெட்டது ஒரு குறைபாடாகவும், கெட்டது தெரிந்தும் யாரும் ஒன்றும் செய்யாதது பாதுகாப்பு மேலாண்மை அமைப்பே செயல்படவில்லை என்பதற்குச் சான்றாகவும் ஆகிவிடும். கப்பலைத் தடுத்து வைக்கும் '30' அங்கேதான் எழுதப்படுகிறது. நான் தடுத்து வைத்த கப்பல்களில் பழுதுக்காகத் தடுத்தவற்றைவிட, பழுதைப் பற்றிய பொய்யால் தடுத்தவைதாம் இன்றும் நினைவில் நிற்கின்றன.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அடுத்த ஐந்து நாள்களில் வங்கக் கடலின் நடுவே எந்திர அறை தீப்பிடித்தால், அந்தப் பம்பை நம்பி நிற்கப் போகிறவர்கள் 22 பேர். இரண்டாவது குழாயைத் திறந்தால் அழுத்தம் போதாது என்று அவர்களுக்கு இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

புதுக்கரை | ஆறாம் நாள், இரவு 10.50

கண்காணிப்பாளரிடமும் உரிமையாளரின் பிரதிநிதியிடமும் இரண்டு மணி நேரம் பேசினேன். ஐயாவின் கடைசிப் பத்தியை அவர்களிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். அறிவிப்பது என்று முடிவாயிற்று. கிளாஸுக்கும் கொடி நாட்டுக்கும் இன்று மாலை கேப்டனின் அறிக்கை போய்விட்டது. முகவர் மூலம் எம்.எம்.டி.க்கும் நகல் சேர்ந்துவிட்டது.

சீஃப் சார் (எந்திர அறை) சொன்னபடியே, துண்டிக்கும் வால்வைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். மூடிய பிறகும் எந்திர அறை ஹைட்ரன்டில் தண்ணீர் கொட்டியது. திறந்து பார்த்ததில் வால்வின் இருக்கை அரித்துப் போயிருந்தது. தற்காலிகமாக அரைத்துப் பொருத்தியதில் இரண்டு குழாய்களோடு 2.6 பார் வருகிறது. புதிய வால்வு தயாராக இருக்கிறது. முகவர் ஐயா நாளை சுங்க ஆவணங்களை முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜெனரேட்டரின் பெயின்டைச் சுரண்டிச் செயல்முறையைப் படித்தார்கள். கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி இயக்கியதில் மூன்றாவது முயற்சியில் ஓடியது. நான்காம் பொறியாளர் அதைத் தனியாகச் செய்து பழகும்வரை தினமும் ஒரு முறை செய்யச் சொல்லியிருக்கிறோம்.

எந்திர அறை | ஏழாம் நாள், அதிகாலை 5.30

வால்வை மாற்றியதோடு நின்றுவிடாதீர்கள். நிலக்கரியை இறக்க இறக்கக் கப்பல் மேலெழும்பும். இறக்கி முடித்ததும் முன்பகுதி மிதவை ஆழம் வெகுவாகக் குறைந்து பம்பு நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிடக்கூடும். அப்போது அது தானாகவே காற்றை வெளியேற்றி நீரை உறிஞ்ச வேண்டும். முழுச் சுமையில் சரியாக ஓடிய பம்பு வெறுமையில் காற்றை மட்டும் சுழற்றியதை நான் பார்த்திருக்கிறேன். கப்பல் எந்தச் சாய்விலும் ஆட்டத்திலும் அந்தப் பம்பு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் விதி.

எர்ணாவூர் மாணவர் | ஏழாம் நாள், காலை 8.45

இரண்டு குழாய்களையும் திறந்து பார்க்க வேண்டும் என்பதும், ஆழமாக மிதக்கும்போதும் மேலெழும்பியபின்னும் சோதிக்க வேண்டும் என்பதும் வகுப்பில் எனக்கு யாரும் சொல்லாதவை. இந்த இழையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். ஒரு சிறு ஐயம்: பயிற்சி ஒத்திகையை ஆய்வாளர் கேட்டால் மாலுமிகளுக்கு முன்பே யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா?

முன்னாள் அளவையர் | ஏழாம் நாள், இரவு 8.10

சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். அதற்குத்தான் மாதாந்திர ஒத்திகை. பணியாளர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் புதியவர்களாக இருந்தால் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தியாக வேண்டும். ஆனால் நாடகம்போல் மனப்பாடம் செய்வித்தால் ஆய்வாளர் ஒரு சிறு மாற்றத்திலேயே அதைக் கலைத்துவிடுவார். 'தீயணைப்பு உடை அணிந்தவர் மயங்கி விழுந்துவிட்டார், இப்போது என்ன செய்வீர்கள்?' என்று நான் கேட்பதுண்டு. உண்மையாகப் பழகியவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நகர்வார்கள். எல்லாருக்கும் புரியும் ஒரே மொழியில் கட்டளை வர வேண்டும் என்பதையும் பாருங்கள். மூன்று நாட்டவர் உள்ள கப்பலில் பெரும்பாலும் அங்கேதான் தடுமாற்றம்.

புதுக்கரை | பதினான்காம் நாள், மாலை 6.30

கப்பல் பத்தாம் நாள் கரையணைந்தது. அன்றிரவே புதிய வால்வு பொருத்தப்பட்டு, மறுநாள் காலை கிளாஸ் அளவையர் பார்த்து நிபந்தனையை நீக்கினார். அன்று பிற்பகல் எம்.எம்.டி. ஆய்வாளர் ஏறினார். கேப்டனின் அறிக்கையின் நகல் அவர் கையில் இருந்தது. முதலில் பம்பைத்தான் ஓட்டச் சொன்னார்: இரண்டு குழாய்களோடு 3.1 பார். நான்காம் பொறியாளர் ஜெனரேட்டரை இரண்டாவது வழியில் முதல் முயற்சியிலேயே இயக்கினார். ஓய்வுப் பதிவேட்டில் கலிமந்தானில் சரக்கு ஏற்றியபோது நடந்த இரண்டு மீறல்களையும் ஈட்டு ஓய்வையும் தலைமை அதிகாரி எழுதியிருந்தார். ஆய்வாளர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினார்.

மொத்தம் மூன்று குறைபாடுகள். புகைபோக்கியின் தடுப்புத் தட்டில் திறப்பு, மூடல் குறி அழிந்திருந்தது. மருந்துப் பெட்டியில் இரண்டு மருந்துகள் காலாவதியாகியிருந்தன. வலப்பக்க உயிர்ப்படகின் தேடுவிளக்கு எரியவில்லை. மூன்றும் அன்றே சரிசெய்யப்பட்டு '10' என்று முடிந்தன. மருந்துகளைத் தம்புச்செட்டி முகவர் ஐயா இரவு 9 மணிக்கு நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

கரைக்கண்காணிப்பு | பதினான்காம் நாள், இரவு 9.20

வாழ்த்துகள். அறிவித்த விஷயத்தில் நான் இன்னும் முழுமையாக மனம் மாறவில்லை. ஆய்வாளருக்கு ஆய்வாளர் நிலைமை மாறும். ஆனால் அந்த 22 கேள்விகளை என் மூன்று கப்பல்களுக்கும் நேற்று அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் சுக்கான் 34 நொடி எடுத்தது. கிளாஸுக்கு இன்று எழுதினேன்.

புதுக்கரை | பதினேழாம் நாள், காலை 7.50

கப்பல் வெறுமையாக வங்கக் கடலில் போய்க்கொண்டிருக்கிறது. சீஃப் சார் சொன்ன சோதனையை நேற்று செய்தார்கள். பம்பு நீரை எடுக்க 50 நொடி ஆயிற்று. எடுத்தபின் இரண்டு குழாய்களோடு 2.8 பார் நின்றது. விதிக்குள் இருக்கிறது என்றாலும் 50 நொடி எனக்கு அதிகமாகத் தோன்றுகிறது.

எந்திர அறை | பதினேழாம் நாள், இரவு 11.30

அதிகம்தான். உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது; தண்டின் பேக்கிங்கை (கசிவைத் தடுக்கும் அடைப்பு) முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரச் சோதனையில் அழுத்தத்தோடு வெற்றிடமானியின் அளவையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.